கூந்தலில் தீப்பட்டால்

சென்ற திங்கள் காக்கநாட்டில் நம் அன்பர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். நெல்லைச் சீமையிலிருந்து வந்து இங்கே வேரூன்றிவிட்ட குடும்பம் அது. மூத்த மகள் இன்போபார்க்கில் பணிபுரிகிறாள். பதினைந்து நாளில் அவளுக்கு நிச்சயதார்த்தம் என்று நாள் குறித்திருந்தார்கள். யார் யாருக்கு அழைப்பு, எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று கூடத்தில் பேசிக்கொண்டிருந்த வேளையில், சமையலறையிலிருந்து ‘பக்’கென்று ஓர் ஓசையும், அதன் பின்னே ஓர் அலறலும் கேட்டன. ஓடிச் சென்று பார்த்தால், அப்பெண் முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டு நிற்கிறாள். அடுப்பு தன்பாட்டில் எரிந்துகொண்டிருக்கிறது. வீடெங்கும் மயிர் கருகிய நாற்றம்.

நடந்தது இதுதான். மழைக்கால ஈரத்தில் லைட்டர் பொறி விடவில்லை. அடுப்பின் குமிழைத் திருகியது திருகியபடியே இருக்க, அவள் நான்கைந்து முறை அழுத்திப் பார்த்திருக்கிறாள். பிறகு, ‘ஏன் பற்றவில்லை?’ என்று குனிந்து நோக்கியவாறே இன்னொரு முறை அழுத்தினாள். அதுவரை அடுப்பைச் சுற்றித் தேங்கி நின்ற வாயு ஒருசேரப் பற்றிக்கொண்டது. ஒரு நொடிதான். முன்னெற்றி மயிர் நான்கு விரற்கடை அளவு சுருண்டு கருகிவிட்டது. ஒரு புருவத்தில் பாதியைக் காணவில்லை. இமை மயிரின் நுனிகள் மணிமணியாய்த் திரண்டு நின்றன.

அடுத்த கால்மணி நேரம் அவ்வீட்டில் நடந்தவற்றை நினைத்தால் நமக்கே நாணமாக இருக்கிறது. ஒருவர் தேங்காய் எண்ணெய்ப் புட்டியோடு ஓடிவந்தார். ஒருவர் பற்பசை என்றார். மற்றொருவர் குளிர்பெட்டியைத் திறந்து இட்டிலி மாவை எடுத்தார். தாயார் கருகிய மயிரைக் கையில் ஏந்தி, “நிச்சயதார்த்தத்துக்கு இந்தத் தலையோடு எப்படியம்மா நிற்பாய்?” என்று அழுதார். பெண்ணின் ஆச்சியோ, நல்ல காரியம் நடக்கவிருக்கையில் தலைமயிரில் தீப்படுவது சகுனக்கேடு, நாளைத் தள்ளிவைக்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பே கூறிவிட்டார். எல்லோரும் மயிரைப் பார்த்தோம். ஒருவரேனும் அவள் மூக்கைப் பார்க்கவில்லை. அவள் குரலைக் கேட்கவில்லை. அக்கூட்டத்தில் நாமும் ஒருவராகவே நின்றோம்.

நாற்றம் வாசல் வரை வந்ததால் அடுத்த வீட்டுச் சேச்சி எட்டிப் பார்த்தார். அவர் செவிலியாகப் பணியாற்றுபவர். எல்லோரையும் விலக்கிவிட்டுப் பெண்ணைக் குழாயடியில் குனியச்செய்து, முகத்தில் நீர் ஓடவிட்டார். அவ்வாறு ஓடவிட்டபடியே, “பெயரைச் சொல்லு மோளே, வீட்டு எண்ணைச் சொல்லு” என்று வாயோயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இவர் ஏன் தெரிந்த பெயரையே மீண்டும் மீண்டும் கேட்கிறார் என்று நாம் எண்ணினோம். சற்றுப் பொறுத்து அவர் திரும்பி, “சப்தம் அடைக்கிறது, ஆசுபத்திரிக்குப் போகணும்” என்றார். அப்பொழுதுதான் நமக்கு விளங்கிற்று.

மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர், கருகிய கூந்தலை ஏறெடுத்தும் பாராமல், சிறு விளக்கொன்றை ஏந்தி முதலில் மூக்குத் துளைகளுள் நோக்கினார். மூக்கினுள்ளிருந்த மயிரும் கருகியிருந்தது. வாயைத் திறக்கச்சொல்லித் தொண்டையில் கரி படிந்திருக்கிறதா என்று பார்த்தார். மறுநாள் நண்பகல் வரை அங்கேயே இருத்திக் காத்தார்கள். நல்லூழாகக் குரல் மெல்ல மெல்லத் தெளிந்தது. பெண் நலமாக வீடு திரும்பினாள்.

நெருப்பு முகத்தருகே எழும்போது, அச்சத்தில் நாம் மூச்சை உள்ளே இழுக்கிறோம். வெங்காற்று மூக்கிலும் தொண்டையிலும் புகுந்துவிட்டால், வெளியே புண் சிறிதாகவே இருப்பினும், உள்ளே மூச்சுக்குழலின் வாய் வீங்கக்கூடும். அந்த வீக்கம் உடனே தெரிவதில்லை. முதல் 24 மணி நேரத்திற்குள் மெல்ல மெல்ல வளரும். மாலையில் ‘ஒன்றுமில்லை’ என்று படுத்தவர் நள்ளிரவில் மூச்சுக்குத் தவிக்க நேரலாம். மூக்கு மயிர் கருகியிருத்தல், குரல் கம்முதல், இருமலில் கரி வருதல், விழுங்குவதில் நோவு, மூச்சு விடுகையில் கீச்சென்ற ஒலி ஆகிய இவற்றுள் ஒன்று காணினும் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கலாகாது. மூக்கு மயிர் கருகிய எல்லோருக்கும் இத்தீங்கு நேரும் என்பதன்று. பலருக்கு ஒன்றும் நேர்வதில்லை. ஆயினும் அதனை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரேயன்றி நாமல்லோம். மூடிய அறையில் புகைக்கு நடுவே சிக்கியவராயின் ஐயமே வேண்டா. உடனே போக வேண்டியதுதான். 108 என்ற எண்ணுக்கோ 112 என்ற எண்ணுக்கோ அழைத்தால் வண்டி வரும். காக்கநாட்டில் இருப்போர்க்குக் களமசேரி அரசு மருத்துவக் கல்லூரி அணுக்கம். மட்டாஞ்சேரிப் பக்கத்தில் இருப்போர் பாலங்கடந்து எறணாகுளம் பொது மருத்துவமனைக்குச் செல்லலாம்.

அங்குச் சென்றதும் மொழி தடுமாறுகிறது என்று நம் தாய்மார்கள் பலர் கூறக் கேட்டிருக்கிறோம். மலையாளத்தில் தீப்புண்ணைப் ‘பொள்ளல்’ என்பர். முகம் வெந்தது என்பதற்கு ‘முகம் பொள்ளி’, மயிர் கருகியது என்பதற்கு ‘முடி கரிஞ்ஞு’, மூச்சுத் திணறல் என்பதற்குச் ‘சுவாசம் முட்டல்’, குரல் கம்மியது என்பதற்குச் ‘சப்தம் அடஞ்ஞு’. இந்நான்கும் தெரிந்தால் போதும். தமிழிலேயே சொன்னாலும் இவ்வூரில் பெரும்பாலோர் புரிந்துகொள்வர். சொல்லாமல் நிற்பதுதான் கேடு.

இனி, தீப்பட்ட அந்த நொடியில் செய்யத்தக்கது யாது என்பதைப் பார்ப்போம். கூந்தலில் தீப்பற்றினால் ஓடக்கூடாது. ஓடுந்தோறும் காற்றுப் பட்டுத் தீ வளரும். நின்றபடி நின்றாலோ, தீ மேல்நோக்கி எழுவதால் முகத்தையும் உச்சியையும் பற்றும். உடனே தரையில் படுத்துவிட வேண்டும். அருகிலிருப்பவர் தடித்த பருத்தித் துணியாலோ துவாலையாலோ போர்த்தி அணைக்கலாம். குடத்து நீரைக் கவிழ்த்துவிடலாம். நைலான் துணி எடுக்கலாகாது. அது உருகி ஒட்டிக்கொள்ளும். தீ அவிந்ததும் அடுப்பை மூடிவிட்டு, தலையிலுள்ள ஊசி, பிடிப்பான், பூச்சரம், சவுரி ஆகியவற்றை மெல்லக் களைய வேண்டும். உலோகம் சூட்டைத் தேக்கி வைக்கும். ஆதலால் தோடு, மூக்குத்தி, சங்கிலி முதலியவற்றை வீக்கம் வருமுன்னரே கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிக்கொண்டதை மட்டும் பிய்த்தெடுக்கக் கூடாது. அது மருத்துவர் வேலை.

அதன்பின் நீர். ஓடும் குளிர்நீர், 20 நிமிடம். இருபது நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். கடிகாரம் பார்த்துச் செய்ய வேண்டும். முதலில் செய்யத் தவறினாலும் மூன்று மணி நேரத்திற்குள் செய்தால் பயனுண்டு. பனிக்கட்டி கூடாது, அது வெந்த தோலை மேலும் கெடுக்கும். எண்ணெய், நெய், பற்பசை, மஞ்சள், மாவு, முட்டை, பேனா மை ஆகிய ஒன்றும் கூடாது. எண்ணெயும் நெய்யும் தோலிலுள்ள சூட்டை வெளியேற விடாமல் மூடிவிடும். மாவும் மஞ்சளும் புண்ணில் அழுக்கைச் சேர்க்கும். மருத்துவர் அவற்றையெல்லாம் சுரண்டியெடுத்த பின்னரே புண்ணின் ஆழத்தைக் காணமுடியும். அந்தச் சுரண்டலின் நோவு தீயின் நோவினும் பெரிது. இமை கருகியிருந்தால் கண்ணைக் கசக்காமல் தூய நீரால் கழுவி, கண் மருத்துவரிடம் காட்டுவது நன்று. முகம் வெந்தவரைப் படுக்கவைக்காமல் சாய்ந்து உட்காரச் செய்க, வீக்கம் குறையும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். சொல்வதற்குச் சற்றுத் தயக்கந்தான். தீப்புண்ணோடு ஒரு பெண் வந்தால், ‘எப்படி நேர்ந்தது? யார் உடனிருந்தார்?’ என்று மருத்துவர் துருவிக் கேட்பார். காவல் நிலையத்துக்கும் எழுதியனுப்புவது மருத்துவமனை வழக்கம். பிறவூரில் பிழைக்க வந்த நமக்கு இது பெரும் அச்சத்தைத் தருகிறது. அந்த அச்சத்தாலேயே பல குடும்பத்தார் மருந்துக் கடைக் களிம்போடு நின்றுவிடுகின்றனர். நம் நாட்டில் அடுப்புத் தீ என்ற பெயரால் மறைக்கப்பட்ட கொடுமைகள் எத்தனையோ இருந்த காரணத்தால் ஏற்பட்ட வழக்கம் அது. நம்மை இழிவுபடுத்த ஏற்பட்டதன்று. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு அமரலாம். உண்மை வேறு வகையாக இருக்குமாயின், அப்பெண் தனித்துப் பேசக் கிடைக்கும் நேரமும் அதுவே. கேரளத்தில் பெண்களுக்கென 181 என்ற தொலைபேசி எண் இருக்கிறது என்பதை நம் சகோதரிகள் மனத்தில் இருத்துவார்களாக.

நிற்க. கூந்தலுக்கு வருவோம். தாயார் அழுததும் அதற்காகத்தானே?

மயிர் என்பது கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு கந்தகம். மயிர் எரிகையில் எழும் அந்தத் தனி நாற்றம் பெரும்பாலும் அக்கந்தகத்தின் நாற்றமே. வியப்பு என்னவெனில், சமையல் வாயுவிற்கு இயல்பில் மணம் இல்லை. கசிவு தெரியட்டும் என்று அதில் கலக்கும் மெர்காப்டன் என்னும் பொருளும் கந்தகச் சேர்மமே. முதல் நாற்றத்தை மதியாதவரை இரண்டாம் நாற்றம் வந்து எழுப்புகிறது போலும்!

தோலுக்கு வெளியே காணும் மயிர் உயிரற்றது. கருகிய பகுதியை எந்த எண்ணெயும் எந்தத் தைலமும் மீட்டுத் தரமாட்டா. ‘எரிந்த மயிரைச் சீராக்கும்’ என்று விலையுயர்ந்த புட்டிகள் விற்பவர் பலருளர்; அவை மேலே பூச்சுப் பூசி மினுக்குமேயன்றி முறிந்ததைக் கூட்டமாட்டா. ஆனால், உயிருள்ள வேர் தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. தோல் ஆழமாக வேகாதவரை வேர் பிழைத்திருக்கும். தலைமயிர் திங்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். இமையும் புருவமும் சில திங்களில் நிரம்பிவிடும். ஆகவே தலைத்தோல் தப்பியிருக்குமாயின் கலங்க வேண்டியதில்லை.

தலைத்தோலே வெந்துவிட்டால் அது வேறு கதை. புகழ்பெற்ற பாடகர் மைக்கேல் ஜாக்சனின் வரலாறு பலரும் அறிந்தது. 1984 சனவரி 27 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு குளிர்பானத்தின் விளம்பரப் படம் எடுக்கையில், வாணப்பொறி அவர் கூந்தலில் பற்றியது. தீப்பற்றியதை உணராமலே அவர் சில நொடிகள் ஆடிக்கொண்டிருந்தார். பிறகே உடனிருந்தோர் பாய்ந்து அணைத்தனர். உச்சந்தலையில் ஆழ்ந்த புண். அதன் பொருட்டு அறுவை மருத்துவமும் நெடுநாள் நோவும் தொடர்ந்தன. நட்ட ஈடாகக் கிடைத்த 15 இலட்சம் டாலரை அவர் தமக்கு மருத்துவம் செய்த மருத்துவமனைக்கே அளித்துவிட்டார். கொப்புளம் எழுந்தாலும், தோல் வெளுத்து உணர்ச்சியற்றுப் போனாலும், ‘மயிர்தானே’ என்று இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டோம்.

தோல் நலமாயிருந்தால் வீட்டிலேயே செய்யத்தக்கது எளிது. முதல் நாள் சீப்பைத் தொடாதீர்கள். கருகிய நுனிகளை விரல்களால் மெல்ல உருவினால் உதிர்வன தாமே உதிரும். பின்பு வெதுவெதுப்புக்கும் குறைந்த நீரில், காரமில்லாத ஷாம்பு இட்டு அலசுக. நாற்றம் இரண்டு மூன்று அலசலில்தான் போகும். முதல் அலசலிலேயே போகவில்லை என்று சுரண்டித் தேய்க்க வேண்டா. நன்கு உலர்ந்த பிறகு கருகிய இடத்துக்கு அரை அங்குலம் மேலே கத்தரித்துவிட வேண்டும். நுனியில் நிற்கும் கருமணியை விரலால் தடவினால் சொரசொரப்புத் தெரியும்; அது தெரியாத இடமே நல்ல இடம். அதனை விட்டுவைத்தால் மயிர் மேன்மேலும் பிளந்துகொண்டே போகும். மஞ்சள், மருதாணி, சாயம், சுருள் மருந்து முதலியவற்றைச் சில வாரங்கள் தள்ளிவைக்கவும். புருவத்திற்கு மை தீட்டுவதும் தோல் ஆறிய பிறகே.

தேங்காய் எண்ணெய் பற்றி நம் ஊர்ப் பெண்களும் இவ்வூர்ப் பெண்களும் ஒரே கட்சி. புண்ணில் கூடாது என்றோம்; புண்ணில்லாத மயிரில் தடவத் தடையில்லை. கழுவுவதற்கு முன் தடவினால் மயிரிலுள்ள புரதம் கரைந்து போவது குறைகிறது என்றும், சூரியகாந்தி எண்ணெய்க்கும் கனிம எண்ணெய்க்கும் அந்த ஆற்றல் இல்லை என்றும் 2003இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதனைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் கூறிவிடுகிறோம். அவ்வாய்வு வருமுன்பே நம் பாட்டிமார் தடவிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அடுப்புத் தீயைக் காட்டிலும் இன்று கூந்தலை மிகுதியாகக் கருக்குவது மின்சாரச் சூட்டுக்கோல். 1872இல் பாரிசு நகரத்து முடிதிருத்துநர் மார்செல் கிராட்டோ என்பார் சூடேற்றிய இடுக்கியால் அலையலையாய்க் கூந்தல் சுருட்டும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். அக்கால இடுக்கியைக் காகிதத்தில் வைத்துப் பார்த்து, காகிதம் பழுத்தால் ஆறவிட்டபின் எடுப்பார்கள். இன்றைய கோல்கள் 200 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறுகின்றன. காகிதத்தில் சோதிப்பவர் எவருமில்லை. காலையில் ஆறு மணிக்குத் தலை முழுகி, ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், ஈரம் உலராத கூந்தலைக் கோலில் இட்டு இழுக்கிறார்கள் நம் பெண்கள். ஈர மயிரில் 125 பாகைச் சூடு ஒரு நிமிடம் பட்டாலே உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, மயிரினுள் சிறு சிறு குமிழிகள் உண்டாகும். அவ்வாறு குமிழிட்ட மயிர் தொட்டால் முறியும். கோலை வைத்தவுடன் ‘சுர்’ரென்று ஓசை கேட்டால், அந்த வேலைதான் நடக்கிறது என்று அறிக.

‘துணிக்கு நீர் தெளித்துத்தானே இஸ்திரி போடுகிறோம்?’ என்று ஒரு பெண் நம்மைக் கேட்டாள். நல்ல கேள்வி. மட்டாஞ்சேரியை அடுத்துக் கோட்டைக் கொச்சியில் உள்ள தோபிக்கானாவில், டச்சுக்காரர் காலத்திலேயே தம் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்ததாகக் கூறும் சலவைத் தொழிலாளர்கள் இன்றும் தொழில் செய்கின்றனர். சிரட்டைக் கரி இட்ட இஸ்திரிப் பெட்டியை அவர்கள் கையாள்வதைக் கண்டவர்க்கு விடை தெரியும். கஞ்சியிட்ட பருத்தி வேட்டிக்கு நீர் தெளித்துப் பெட்டியை அழுத்துவார்கள். பட்டென்றால் சூட்டைக் குறைத்து, மேலே ஒரு துணியை விரிப்பார்கள். பருத்தி செடி தந்தது. அதன் நூலிடை வழியே ஆவி எளிதில் வெளியேறும். பட்டும் கம்பளியும் மயிரைப் போலப் புரதம். அவை சூடு தாங்கா. கூந்தலைப் பட்டாக எண்ணி நடத்துங்கள் என்று அவளுக்குச் சொன்னோம். நன்கு உலர்த்தி, சூட்டை இயன்றமட்டும் குறைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல், அதுவும் என்றேனும் ஒருநாள் என்றால் பெருங்கேடில்லை. நாள்தோறும் என்றால், கொச்சியின் ஈரக்காற்று பேருந்து நிறுத்தம் போய்ச் சேருமுன்பே நீட்டிய கூந்தலைச் சுருட்டிவிடுகிறது. இக்காற்றோடு போர் தொடுத்து வென்றவரை நாம் இன்னும் கண்டதில்லை.

அடுப்பைப் பற்றவைக்கையில் கூந்தலை முடிந்துகொள்வது, முந்தானையைச் செருகிக்கொள்வது, கார்த்திகை விளக்கின் மேலாகக் குனிந்து மற்றொரு விளக்கை எட்டாமலிருப்பது ஆகியவற்றை நம் தாய்மார்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வாயுவைப் பற்றி மட்டும் ஒன்று. அது காற்றினும் கனமானது. மேலே எழாமல் மேடையிலும் தரையிலும் தங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஆகவே முதல் அழுத்தில் பற்றாவிடில் குமிழை மூடிவிட்டு, சன்னலைத் திறந்து, சில நிமிடம் பொறுத்துப் பிறகு முயல்க. குனிந்து நோக்கலாகாது. நாற்றம் மிகுதியாயிருந்தால் விளக்குச் சொடுக்கியையும் விசிறிச் சொடுக்கியையும் தொடாமல், உருளையின் அடைப்பானை மூடிவிட்டு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். மழைக்காலத்தில் லைட்டரை ஈரமில்லாத இடத்தில் வைப்பதும், ஒரு தீப்பெட்டியை டப்பாவில் மூடி வைத்திருப்பதும் நல்லது. தீக்குச்சியைப் பொருத்திய பிறகே குமிழைத் திருக வேண்டும் என்பது பழைய ஒழுங்கு. லைட்டர் வந்தபின் நாம் மறந்துவிட்ட ஒழுங்கு.

நம் அன்பர் வீட்டு நிச்சயதார்த்தம் குறித்த நாளிலேயே நடந்தது. இரண்டு நாள் பேரப்பெண்ணின் மருத்துவமனைக் கட்டிலருகே உட்கார்ந்திருந்த ஆச்சி, சகுனம் பற்றி அதன்பின் வாய் திறக்கவில்லை. வாழக்காலாவில் ஒரு முடிதிருத்தகத்தில் முன்மயிரைப் புருவத்துக்கு மேலே ஒரே சீராகக் கத்தரித்து விட்டிருந்தார்கள். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. தென்காசியிலிருந்து வந்த மணமகனின் தாயார் மட்டும் சற்று உற்று நோக்கி, “என்ன பெரியம்மா, பிள்ளைக்கு நெற்றியில் முடியை இப்படிக் கத்தரித்துவிட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கொச்சியிலே இப்போது இதுதான் தாயி வழக்கம்” என்றார்.